ஒரே மலை, இரண்டு ஜாகை!
ஐந்து நாள் விடுமுறையில் அமிர்தியும் ஜவ்வாது மலையும்

பெரம்பூரில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. மொத்தம் ஐந்து பேர். இப்படிப்பட்ட குடும்பங்கள் தெருவுக்குப் பத்து உண்டு.

காலாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. அப்பாவுக்கு ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. வருஷம் முழுவதும் காத்திருந்து கிடைத்த லீவு!

"எங்கே போகலாம்?"

இந்தக் கேள்வி எழுந்ததுமே வீடு இரண்டுபட்டுவிட்டது.

"அமிர்திக்குப் போகலாம்பா. மான் பார்க்கணும்" என்றாள் மகள்.

"ஏலகிரிதான். அங்கேதான் படகு இருக்கு" என்றான் மகன்.

"காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்காமே? பிள்ளைங்க அதைப் பார்க்க வேண்டாமா?" என்றாள் அம்மா.

"எல்லா இடத்துக்கும் போகலாம். ஆனா வேலூர்லயே ரூம் போட்டுக்கிட்டு தினமும் போய்ட்டு வந்துடலாம். மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைய என்னால ஆகாது" என்று முடிவு சொல்லிவிட்டார் அப்பா.

பாட்டி மட்டும் பேசவில்லை. "ஆயா, நீ சொல்லு" என்று பேத்தி உலுக்கியபோது அவள் சொன்னது இதுதான்:

"எனக்கு முட்டி வலி. பஸ்ல ரொம்ப நேரம் உக்கார முடியாது. ராத்திரி எங்கே படுக்கப் போறோம்னு முதல்ல சொல்லுங்க."

பாட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. எதைப் பார்ப்பது என்பதைப் பலரும் யோசிக்கிறார்கள். எங்கே படுப்பது என்பதை யோசிப்பதில்லை. விடுமுறை வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

தரையில் ஒரு தீவு

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஆனால் நீலகிரி போல மற்ற மலைகளோடு கை கோத்துக்கொண்டு நிற்பதில்லை. ஒரு பக்கம் பாலாற்றுச் சமவெளி. இன்னொரு பக்கம் செய்யாற்றுச் சமவெளி. நடுவில் தனியே எழுந்து நிற்கிறது. கடலில் தீவு இருப்பதுபோல, தரையில் இது ஒரு தீவு!

தீவுக்குப் பல துறைமுகங்கள் இருப்பதுபோல இந்த மலைக்கும் பல வாசல்கள் உண்டு. வடக்கே வேலூர்ப் பக்கத்தில் அமிர்தி. கிழக்கே போளூர். மேற்கே ஆலங்காயமும் திருப்பத்தூரும். தெற்கே செங்கம்.

முன்பு இந்த மலை இரண்டு மாவட்டங்களில் இருந்தது. 2019-ல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது.

இங்கேதான் சங்கடம். அமிர்தி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஜமுனாமரத்தூர் மலையின் மேலே இருக்கிறது. "இரண்டும் ஜவ்வாது மலைதானே, பக்கத்தில்தானே இருக்கும்" என்று நினைத்துக் கிளம்பினால் ஒரு நாள் முழுவதும் பஸ்ஸில் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலூரிலிருந்து போளூர் ஏறக்குறைய 50 கிலோ மீட்டர். போளூரிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூர் சேரச் சுமார் 40 கிலோ மீட்டர். போக 90, வர 90. ஆக 180 கிலோ மீட்டர்! அதில் கணிசமான தூரம் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. காலையில் கிளம்பினால் மலை ஏறும்போதே உச்சி வேளை நெருங்கிவிடும். பிள்ளைகள் வாந்தி எடுத்துக் களைத்திருப்பார்கள். அருவியில் ஒரு மணி நேரம். உடனே, "கடைசி பஸ் போயிடும், வாங்க வாங்க!"

அப்பாவின் யோசனை இப்படித்தான் முடியும். அறை ஒன்றுதான். ஆனால் அந்த அறையில் இருக்கும் நேரத்தைவிடப் பஸ்ஸில் இருக்கும் நேரம் அதிகம்.

அப்படியானால் தினம் ஓர் ஊரில் தங்கலாமா?

அதுவும் கூடாது. ஜாகை மாற்றுவது சும்மா நடக்கிற காரியமல்ல. துணிகளை மடித்து மூட்டை கட்ட ஒரு மணி நேரம். விடுதிக் கணக்கை முடிக்க அரை மணி. பஸ்ஸுக்குக் காத்திருப்பு. பிரயாணம். போய்ச் சேர்ந்தால், "ரூம் இன்னும் காலியாகலீங்க" என்பார்கள். ஒருமுறை இடம் மாறினால் அரை நாள் போயிற்று என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நாளில் மூன்று முறை மாறினால் ஒன்றரை நாள் மூட்டைக்கே சமர்ப்பணம்!

ஆகையால் ஐந்து நாளுக்கு இரண்டு ஜாகை. மாற்றம் ஒரே ஒருமுறை. கீழே இரண்டு இரவு, மேலே இரண்டு இரவு.

வாடகையில் ஒரு கண்ணி

அறை எடுக்குமுன் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதிகளில் வாடகைக் கணக்கு இரண்டு விதம்.

ஒன்று, 24 மணி நேரக் கணக்கு. காலை 6 மணிக்கு அறைக்குள் போனால் மறுநாள் காலை 6 மணிக்கு ஒரு நாள் முடிந்தது. விடிந்தும் விடியாமல் வந்து இறங்கிவிட்டுக் கடைசி நாள் 9 மணி வரை தூங்கினால் இன்னொரு நாள் வாடகை கேட்பார்கள்.

இன்னொன்று, பகல் 12 மணிக் கணக்கு. இதில் எப்போது வந்தாலும் பகல் 12 மணியோடு ஒரு நாள் சரி. காலை 6 மணிக்கு வந்தவருக்கு ஆறு மணி நேரத்திலேயே ஒரு நாள் வாடகை தீர்ந்துவிடும்!

வாடகை நாளுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்காமல் அறை எடுத்ததால் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு நாள் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால் 3,000 ரூபாய் நஷ்டம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு இது சின்னத் தொகையா?

24 மணி நேரக் கணக்குள்ள விடுதிக்குப் பகலில் போய்ச் சேருவது நல்லது. 12 மணிக் கணக்குள்ள விடுதிக்குப் பகல் 12 மணிக்குப் பிறகு போய்ச் சேருவது நல்லது. ஆக, நண்பகலுக்குப் பிறகு போய் இறங்கினால் இரண்டிலும் நஷ்டமில்லை.

முதல் ஜாகை: வேலூர்

சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் காட்பாடியில் இறங்க வேண்டும். சென்னை சென்ட்ரலிலிருந்து சுமார் 130 கிலோ மீட்டர். அங்கிருந்து வேலூர் நகரம் பக்கம்தான்.

வேலூரில் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை, இன்று சி.எம்.சி. என்று நாடெங்கும் பெயர் பெற்றிருக்கிறது. வங்காளம், பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். அவர்களுக்காக ஆஸ்பத்திரியைச் சுற்றித் தெருத் தெருவாக விடுதிகள். வங்காளி எழுத்தில்கூடப் பலகைகள் தொங்கும். சில விடுதிகளில் சமையல் செய்துகொள்ளவும் வசதி உண்டு.

உல்லாசமாக வந்தவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. பக்கத்து அறையில் இருப்பவர் நாளைக்கு ஆபரேஷன் என்று கவலையோடு படுத்திருக்கலாம். பிள்ளைகள் நடையில் பந்து விளையாடினால் அவருக்கு எப்படி இருக்கும்? கோட்டைப் பக்கமோ புதிய பஸ் நிலையப் பக்கமோ அறை எடுத்துக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் சௌகரியம். ஆஸ்பத்திரி அறைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கே இருக்கட்டும்.

அந்த நோயாளிகளின் குடும்பங்களும் சில சமயம் அமிர்திக்கு வருவதுண்டு. பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை அறைக்குள் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடாதா? மர நிழலில் ஒரு பகல் பொழுது உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

முதல் நாள் பிற்பகல் வேலூர்க் கோட்டைக்கு. அகழியில் தண்ணீர். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோவில். 1806-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி வெள்ளைக்காரக் கும்பெனியை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம் இதுதான். நகருக்குத் தெற்கே ஸ்ரீபுரத்தில் 2007-ல் எழுப்பப்பட்ட தங்கக் கோவில் இருக்கிறது. மாலையில் விளக்கொளியில் பார்க்கலாம். முட்டி வலிக்காரர்கள் உள்ளே நடக்க வேண்டிய தூரத்தை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். பாதை நீளம்.

மானும் முதலையும்

இரண்டாம் நாள் அமிர்தி. வேலூரிலிருந்து 25 கிலோ மீட்டர். போகப் போக மலை அருகே வருகிறது. காற்று மாறுகிறது.

மலையடிவாரக் காட்டுக்குள் ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றின் கரையில் 1967-ல் வனத்துறை ஒரு சிறு மிருகக்காட்சி சாலையை ஏற்படுத்தியது. பரப்பு 25 ஹெக்டேர். அதாவது சுமார் 60 ஏக்கர். வண்டலூர் மாதிரி பெரியதல்ல. சிங்கத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். புள்ளிமான், முதலை, மயில், கிளி என்று பிள்ளைகள் அருகே நின்று பார்க்கும் ஜீவன்கள் இருக்கின்றன. சிறியதாக இருப்பதே இதன் சிறப்பு. பாட்டியால் சுற்றிப் பார்க்க முடியும்!

காட்டுக்குள் நடந்து போனால் அருவி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கோடை விடுமுறையில் போனால் பாறைதான் இருக்கும், தண்ணீர் இருக்காது. மழை பெய்தபின் போக வேண்டும். ஜவ்வாது மலைக்குத் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்குப் பருவத்திலும் மழை உண்டு. ஆகையால் காலாண்டு விடுமுறையிலிருந்து பொங்கல் வரை அருவிக்கு நல்ல காலம். பெருமழை கொட்டும் நாளில் மட்டும் ஆற்றுப் பக்கமே போகக்கூடாது. மேலே பெய்த மழை கீழே சொல்லாமல் வரும். பாறையும் பாசி பிடித்து வழுக்கும்.

அமிர்தியில் ஒரு பகல் போதும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வேலூர் அறைக்குத் திரும்பிவிடலாம். எச்சில் இலையையும் பிளாஸ்டிக் பையையும் மான் பக்கம் போடக்கூடாது. மான் அதைத் தின்னும். தின்றால் செத்துப்போகும்.

இந்தப் பக்கத்துத் தண்ணீர்தான் நாகநதிக்குப் போகிறது. அந்த நதி வறண்டு கிடந்த காலம் உண்டு. கிராமத்துப் பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆற்றுப் படுகையில் உறைகிணறுகள் இறக்கி, மழைநீரை நிலத்துக்குள் விட்டார்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. நாடே அந்தப் பெண்களைப் பாராட்டியது.

இரண்டாம் ஜாகை: ஜமுனாமரத்தூர்

மூன்றாம் நாள்தான் மூட்டை கட்டும் நாள்.

அமிர்தியிலிருந்தும் மலைக்கு ஏறும் பாதை உண்டு. காட்டுப் பாதை. சொந்த வண்டி உள்ளவர்கள், பாதையின் நிலைமையை விசாரித்துக்கொண்டு பகலில் போகலாம். பஸ்ஸை நம்பிய குடும்பத்துக்குப் போளூர் வழிதான் உத்தமம். வழியில் சந்தவாசல் வரும். அங்கே பிரிந்து போனால் படவேடு. சம்புவராயர்கள் அரசாண்ட ஊர். ரேணுகாம்பாள் கோவில் உள்ள ஊர். மூட்டையோடு இறங்கிப் பார்ப்பது சிரமம். இன்னொரு சமயம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜமுனாமரத்தூரில் அறைகள் குறைவு. ஊட்டியைப் போலத் தெருவெல்லாம் விடுதிகள் கிடையாது. முன்கூட்டியே சொல்லி வைக்காமல் ஐந்து பேரோடு போய் நிற்பது புத்திசாலித்தனமல்ல. ஆயுத பூஜை சமயத்தில் கூட்டம் அதிகம். கைபேசி எடுக்காத இடங்கள் உண்டு. ஆகவே கையில் ரொக்கம் வேண்டும். பாட்டியின் மாத்திரைகளைக் கீழேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு கம்பளி. ராத்திரி குளிரும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். மலையின் காலையும் மலையின் இரவும் அங்கே தூங்கி எழுந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். பகலில் வந்து போகிறவர்களுக்குக் கிடைப்பது கூட்டமும் வெயிலும்தான்.

பீமன் அருவிக்குக் காலையிலேயே போய்விடலாம். மகன் கேட்ட படகும் இங்கே இருக்கிறது. கோமுட்டேரியில் படகு விடுகிறார்கள். ஏலகிரிக்குப் போகாமலே பையனின் ஆசை தீர்ந்தது!

ஏலகிரி வேண்டாம் என்பதல்ல. இரண்டே நாள் லீவு உள்ளவர்களுக்கு ஏலகிரிதான் பொருத்தம். 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே விடுதி, ஏரி, பூங்கா எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கின்றன. ஒரே ஜாகை போதும். ஐந்து நாளில் அதையும் இதையும் சேர்த்துத் திணித்தால்தான் ஆபத்து.

மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல. தமிழ் பேசும் மலைவாசிகள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாமை, தினை பயிரிடுகிறார்கள். தேன், பலா, சீதாப்பழம், புளி எல்லாம் மலை தரும் செல்வம்.

கீழேயிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, அருவியில் குளித்துவிட்டு, குப்பையைப் போட்டுவிட்டுச் சாயங்காலமே இறங்கிவிடுகிறவர்களால் இந்த மக்களுக்கு என்ன லாபம்? குப்பைதான் மிச்சம். இரண்டு இரவு தங்கினால் அறை வாடகை, சாப்பாடு, டீ, ஆட்டோ, தேன் என்று நாலு காசு மலையிலேயே தங்கும். இரண்டாவது ஜாகையை மேலே வைத்துக்கொள்ள இதுவும் ஒரு நல்ல காரணம்.

வானத்தைப் பார்க்கும் கண்

நான்காம் நாள் சனிக்கிழமையாக அமையும்படி பிரயாணத்தைத் திட்டமிட வேண்டும். அதாவது புதன்கிழமை கிளம்ப வேண்டும். ஏன்?

காவலூர் வானாய்வுக் கூடத்தைப் பொதுமக்கள் பார்க்கச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். மழைக்காலத்தில் மாறுதல் இருக்கலாம். ஆகவே முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகிற பாதையில் இருக்கிறது காவலூர்.

நகரத்து விளக்கு வெளிச்சம் வானத்தைக் கெடுக்காத ஓர் இடத்தைத் தேடினார் விஞ்ஞானி வைணு பாப்பு. பூமத்திய ரேகைக்கு அருகே இருந்தால் தென் வானத்து நட்சத்திரங்களையும் பார்க்கலாம். இரண்டும் பொருந்திய இடமாகக் காவலூர் கிடைத்தது. 1968-ல் 38 சென்டி மீட்டர் அகலமுள்ள சிறு தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

அதே 1972-ல், வியாழன் கிரகத்தின் கானிமீட் என்ற நிலாவைச் சுற்றி மெல்லிய காற்று மண்டலம் இருப்பதற்கான அடையாளம் இங்கே பதிவானது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அந்தக் கண்டுபிடிப்பிலும் காவலூருக்குப் பங்கு கிடைத்தது. சாமையும் தினையும் விளையும் மலையிலிருந்து யுரேனஸ் வரை பார்வை போயிற்று!

பாப்பு 1982-ல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, இந்தியாவிலேயே செய்யப்பட்டு, 1986 ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தியால் திறந்துவைக்கப்பட்டது. அவர் பெயரே அதற்கும் வைக்கப்பட்டது. 1988-ல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறு கோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

தொலைநோக்கியைப் பகலில் பார்த்துவிட்டு ஜமுனாமரத்தூர் அறைக்குத் திரும்பலாம். அன்று இரவு மேகம் இல்லாவிட்டால் வெளியே வந்து நிமிர்ந்து பார்க்க வேண்டியதுதான். பெரம்பூரில் பத்து நட்சத்திரம் தெரிந்தால் அதிகம். இங்கே எண்ணி முடியாது. இதற்கு டிக்கெட் கிடையாது.

அந்தமானில் கற்றவர்கள்

ஜாகையைப் பிரித்துக்கொள்ளும் வித்தை அந்தமானுக்குப் போய் வந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே தீவுக்குத் தீவு கப்பலில்தான் போக வேண்டும். போர்ட் பிளேரில் சில இரவு, ஹேவ்லாக் தீவில் சில இரவு, நீல் தீவில் ஓர் இரவு என்று பிரித்துக்கொள்வார்கள். (ஹேவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு, நீல், ஷாகீத் தீவு. போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது.)

விஷயம் தெரிந்தவர்கள் அங்கே ஒன்றில் கண்டிப்பாக இருப்பார்கள். விமானம் ஏறுவதற்கு முந்திய இரவைப் போர்ட் பிளேரில்தான் கழிப்பார்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும். சின்னத் தீவில் மாட்டிக்கொண்டால் விமானம் பறந்துவிடும், டிக்கெட் பணமும் பறந்துவிடும்!

மலைக்கு அவ்வளவு பயம் வேண்டாம். ஓர் இரவுக்குப் பதில் அரை நாள் விட்டுவைத்தால் போதும். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜமுனாமரத்தூரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். சாயங்கால ரயிலுக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். மழையில் மரம் விழுந்து பாதை அடைபட்டாலும், ஒரு பஸ் தவறினாலும், அடுத்ததில் வரலாம்.

வந்த வழியே திரும்பவும் தேவையில்லை. போளூர், வேலூர் என்று மறுபடி சுற்றுவானேன்? ஆலங்காயம் வழியாக மேற்கே இறங்கினால் ஜோலார்பேட்டை. பெரிய ஜங்ஷன். சென்னைக்கு 214 கிலோ மீட்டர். காட்பாடியில் இறங்கி ஜோலார்பேட்டையில் ஏறினால் மலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தாயிற்று. ரயில் கட்டணம் சிறிது கூடும். அதைவிடப் பஸ் கட்டணமும் இடுப்பு வலியும் மிச்சமாகும்.

பெரம்பூர் வீட்டில் இந்தக் கணக்கை அம்மா ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்.

"ஏங்க, வேலூர்ல ரெண்டு ராத்திரி, மலை மேலே ரெண்டு ராத்திரி. மூட்டை கட்டறது ஒரே தடவைதான்."

அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மாமியாரா வருகிறார், மறுத்துப் பேச? வருவது பெற்ற தாய். அம்மாவின் முட்டியை நினைத்தால் 180 கிலோ மீட்டர் கணக்கு உதைத்தது.

"சரி. ஆனா மூட்டை மூணுதான். நாலாவது மூட்டை இருந்தா நான் தூக்க மாட்டேன்."

"அத்தை, உங்களுக்குச் சம்மதமா?" என்று மருமகள் கேட்டாள்.

பாட்டி சுருக்குப் பையை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த 200 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தாள்.

"எனக்குச் சம்மதம்தான். வரும்போது மலைச் சாமை ரெண்டு கிலோ வாங்கணும். அது நாலாவது மூட்டை இல்லே, என் மடியில வச்சுக்கறேன்."